கிராமத்துப் புது வீட்டில் முதல் வருடம்: வேலூர்ப் பக்கம் குடியேறுவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பால் காய்ச்சிய மறுநாளே கப்போர்டு அடிக்க ஆசாரியைக் கூப்பிடாதீர்கள். புது வீட்டுத் தவறுகளில் பாதி அந்த அவசரத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஆயிரம் சதுர அடி வீட்டின் கான்கிரீட், கட்டுவேலை, பூச்சு, தரை, வாரக்கணக்கில் அடித்த கியூரிங் தண்ணீர் எல்லாம் சேர்ந்து ஆயிரக்கணக்கான லிட்டர் ஈரம் உள்ளே போயிருக்கும். வேலூர் வெயிலாக இருந்தாலும் அது வெளியேறி முடிக்க ஏறக்குறைய ஒரு வருடம் பிடிக்கும். வீட்டைச் சுற்றிக் கொட்டிய மண் ஒரு மழைக்காலம் பார்த்தால்தான் அமரும். போர் (ஆழ்துளைக் கிணறு) தண்ணீரின் உண்மையான நிலவரம் மே மாதத்தில்தான் தெரியும். அதனால் எதை உடனே செய்யவேண்டும், எதைத் தள்ளிப்போடவேண்டும் என்று தெரிந்துகொண்டாலே பாதிச் செலவு மிச்சம்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், கே.வி.குப்பம், குடியாத்தம், பேரணாம்பட்டு, காட்பாடிப் பக்கம் கழனி ஓரத்திலோ ஊருக்கு வெளியே போட்ட மனைப்பிரிவிலோ வீடு கட்டிப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதியது இது. டவுனில் கார்ப்பரேஷன் பார்த்துக்கொள்ளும் தண்ணீர், சாக்கடை, தெருவிளக்கு எல்லாம் இங்கே உங்கள் பொறுப்பு.

தண்ணீர்தான் முதலில்

குடிபோகும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே தண்ணீர் வேலையை ஆரம்பியுங்கள். புதிதாகப் பூசிய சம்ப்பில் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி) முதலில் நிரப்பும் தண்ணீர் குடிக்கவோ சமைக்கவோ ஆகாது. சிமெண்ட்டில் இருக்கும் சுண்ணாம்பு அதில் இறங்கி, தொட்டால் வழவழப்பாக, மேலே வெள்ளை ஆடை கட்டி நிற்கும். விளிம்பு வரை நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். நிரப்பியதும் உட்சுவரில் மட்டத்தைப் பென்சிலால் குறித்து, மூடியை நன்றாகச் சாத்திவையுங்கள். மூடிய சம்ப்பில் ஆவியாகப் போவது சொற்பம். ஒரு வாரத்தில் இரண்டு விரல் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. பெரும்பாலும் தரையும் சுவரும் சேரும் மூலையில்தான் இருக்கும், அல்லது பைப் நுழைந்த ஓட்டையைச் சரியாக அடைத்திருக்கமாட்டார்கள். இந்த முதல் தண்ணீரை வெளியேற்றி, தேங்காய் நார் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, இன்னொரு முறை நிரப்பி மூன்று நாள் விட்டு அதையும் கொட்டிவிடுங்கள்.

அதற்குப் பிறகு கிருமிநீக்கம். மொட்டை மாடித் தொட்டி, சம்ப், குழாய்கள் எல்லாவற்றுக்கும் ஒரே கணக்குதான். ஆயிரம் லிட்டருக்கு 150 கிராம் பிளீச்சிங் பவுடர். ஊர்க் கடையில் பிரித்துக் கட்டித் தரும் பழைய பவுடரில் குளோரின் பறந்துபோயிருக்கும். மூக்கில் சுருக்கென்று ஏறாத பவுடரை வாங்காதீர்கள். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பத்து நிமிடம் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். அடியில் தங்கும் சுண்ணாம்பு மண்டியை ஊற்றினால் அது போய் வால்வில் அடைக்கும். பிறகு வீட்டில் உள்ள ஒவ்வொரு குழாயையும், ஷவரையும், கக்கூஸ் பக்கத்து ஹெல்த் ஃபாசெட்டையும் திறந்து, குளோரின் வாசம் வரும்வரை விட்டு மூடுங்கள். ஒரு ராத்திரி முழுக்க அப்படியே நிற்கட்டும். காலையில் ஹோஸ் மாட்டி வெட்டவெளியில் கொட்டுங்கள். செப்டிக் டேங்கில் விட்டால் அங்கே வளரவேண்டிய பாக்டீரியா செத்துப்போகும்; செடிக்கு ஊற்றினால் செடி கருகும். அதன்பின் வழக்கமான உபயோகத்துக்கு ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் போதும். கலந்து அரை மணி நேரம் கழித்துப் புழங்கலாம்.

இதெல்லாம் செய்வதற்கு முன் ஒரு சின்ன வேலை. குழாய்களின் வாயில் திருகியிருக்கும் சல்லடை மூடிகளைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டுவைத்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிடுங்கள். பைப் வெட்டிய துருவல், எம்-சாண்ட், டேப் துண்டு, சிமெண்ட் கட்டி எல்லாம் பத்து நிமிடம் கொட்டும். கழற்றாமல் விட்டால் முதல் வாரத்திலேயே "பிரஷர் இல்லை" என்று பிளம்பரைத் தேடவேண்டிவரும்.

போர் எவ்வளவு தண்ணீர் தரும்? நம் பக்கம் அடியில் இருப்பது கெட்டிப் பாறை. பாறை வெடிப்பில் ஓடும் ஊற்றுதான் தண்ணீர். அதனால் பக்கத்துக் கழனிக்காரர் போரில் மூன்று அங்குலம் வந்தது என்பதற்காக உங்கள் போரிலும் வரும் என்று நினைக்கவேண்டாம். 20 லிட்டர் கேனும் போனும் எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டு அரை மணி நேரம் கழித்து, கேன் நிரம்ப எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். 40 விநாடி என்றால் நிமிடத்துக்கு 30 லிட்டர், மணிக்கு 1,800 லிட்டர். இதையே தை மாதத்தில் ஒருமுறை, அக்னி நட்சத்திரத்தில் (மே 4 முதல் 28 வரை) ஒருமுறை செய்து எழுதிவையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வீட்டின் கோடைக் கணக்கு. இடையில் தண்ணீர் அறுந்து காற்று உறிஞ்சினால், தண்ணீரில்லாமல் ஓடும்போது தானே நிற்கும் டிரை ரன் கட்-ஆஃப் இல்லாத ஸ்டார்ட்டரை உடனே மாற்றுங்கள். சப்மெர்சிபிள் மோட்டாரைக் குளிர்விப்பது அதைச் சுற்றி ஓடும் தண்ணீர்தான். தண்ணீர் இல்லாமல் ஓடினால் காயில் கருகிவிடும். அதை மேலே தூக்கி, சுற்றி, திரும்ப இறக்கும் செலவில் அந்தக் கருவியைப் பல முறை வாங்கலாம்.

தரத்துக்கு வருவோம். வாய்க்கு நன்றாக இருக்கிறது என்பது சோதனை ஆகாது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக் கூடம் மாவட்டத் தலைநகரில் இருக்கிறது. போரை அரை மணி நேரம் ஓட்டிய பிறகு, அதே தண்ணீரால் மூன்று முறை அலசிய இரண்டு லிட்டர் கேனில் பிடித்துக் கொண்டுபோங்கள். கிருமிச் சோதனைக்கு அவர்களே தரும் கிருமி நீக்கிய பாட்டில்தான் வேண்டும். ரிப்போர்ட் வந்ததும் நான்கு எண்களைப் பாருங்கள். கரைந்த உப்பு (டி.டி.எஸ்.) லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை இந்தியத் தர நிர்ணயம் பொறுத்துக்கொள்கிறது. கடினத்தன்மை 200, உச்சம் 600. நைட்ரேட் 45. ஃப்ளூரைடு 1, உச்சம் 1.5. இதில் கடைசி எண்ணைத்தான் நிறையப் பேர் கவனிப்பதில்லை. ஃப்ளூரைடு கூடினால் குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை விழும், வருடக்கணக்கில் குடித்தால் எலும்பைப் பிடிக்கும். கொதிக்க வைத்தால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் கூடும். குடிக்க மட்டும் ஆர்.ஓ. வைப்பதுதான் வழி. ஒரு லிட்டர் குடிநீருக்கு ஆர்.ஓ. கழிவு நீர் இரண்டு மூன்று லிட்டர் வரும், அதில் உப்பு இன்னும் அதிகம். கக்கூஸ் கழுவப் பிடித்துவையுங்கள், வாழைக்கு விடாதீர்கள்.

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை சுற்றுவட்டாரத்தில் தோல் தொழிற்சாலைக் கழிவு ஓடிய நிலம் என்றால் குரோமியத்துக்கும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். இந்தக் கழிவு விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. மண்ணுக்குள் இறங்கியது இன்னும் முழுக்கப் போகவில்லை. உப்பு மிகுந்த தண்ணீர் என்றால் கீசர் வாங்கும்போதே சின்ன அளவாக வாங்குங்கள். வெந்நீர்க் குழாயில் வெள்ளைப் பொருக்கு கட்டுவது சூட்டோடு ஏறும் என்பதால் தெர்மோஸ்டாட்டை 50 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள்.

மழைநீர்ச் சேகரிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது. பிளான் பாஸ் ஆவதற்கு ஒரு குழி வெட்டிப் படம் பிடித்துவிட்டு மூடிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டர் விழும். சேதாரம் போக 750 தேறும். கோடை வெடித்து வரும் முதல் இரண்டு மழையை வெளியே விட்டுவிட்டு, அடுத்ததிலிருந்து போர் பக்கத்துக் குழிக்குத் திருப்புங்கள். குழியின் அடியில் பெரிய ஜல்லி, நடுவில் முக்கால் ஜல்லி, மேலே மணல். மேல் மணலை வருடத்துக்கு ஒருமுறை வாரி எடுத்துக் கழுவிப் போடாவிட்டால் சேறு அடைத்து, குழி குட்டை ஆகிவிடும். கொசுதான் மிச்சம்.

கரண்ட்

கட்டும்போது வாங்கிய தற்காலிக இணைப்பில் யூனிட் விலை அதிகம். வீட்டு இணைப்பாக மாற்ற விண்ணப்பித்தால்தான் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்குப் பொருந்தும். வேலை முடிந்தும் மாதக்கணக்கில் பழைய கட்டணத்தையே கட்டிக்கொண்டிருப்பவர்கள் நிறைய.

கிராமத்து லைனில் இரண்டு தொல்லை: வோல்டேஜ் இறக்கம், இடி. டிரான்ஸ்பார்மருக்குக் கடைசி வீடாக நீங்கள் இருந்தால், கழனி மோட்டார்கள் எல்லாம் ஓடும் நேரத்தில் மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள். 190-க்குக் கீழே போனால் ஃப்ரிட்ஜுக்கும் ஏசிக்கும் ஸ்டெபிலைசர் கட்டாயம். இடிக்கு, வீட்டு ஒயர்கள் எல்லாம் பிரியும் டி.பி. பாக்ஸிலேயே, திடீரென்று பாயும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் சர்ஜ் புரொடெக்டர் ஒன்று போடச் சொல்லுங்கள். அது வேலை செய்ய எர்த் நன்றாக இருக்கவேண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பாறை மண்ணில் கடப்பாரை இறங்கவில்லை என்று மூன்றடியோடு எர்த் பைப்பை வெட்டிப் புதைத்துவிட்டுப் போவது சகஜம். எட்டடி இறங்கவேண்டும். சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு, மேலே தண்ணீர் ஊற்ற ஒரு சின்னத் தொட்டி கட்டவேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை வாரம் ஒரு குடம் அதில் ஊற்றுங்கள். காய்ந்த மண் மின்சாரத்தை வாங்காது.

மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். அதில் "டி" என்று ஒரு பட்டன் இருக்கும். மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழவேண்டும். விழவில்லை என்றால் அது பொம்மை. அடிக்கடி தானே விழுகிறது என்று எலக்ட்ரீஷியன் அதைத் தாண்டி ஒயர் இழுத்துவிட்டுப் போனால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஈரச் சுவரில் பதித்த சுவிட்ச் பாக்ஸில் கசிவு இருக்கிறது என்பதைத்தான் அது சொல்கிறது. ஒவ்வொரு சர்க்யூட்டாக அணைத்துப் பார்த்து எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மின்தடை, அறுந்த கம்பி என்றால் மின்வாரியப் புகார் மையமான மின்னகம் 94987 94987. எண்ணை டி.பி. பாக்ஸ் மூடியின் உள்பக்கத்தில் ஒட்டிவையுங்கள். கம்பத்து எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள், அவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

கிரகப்பிரவேச நாளில் வீட்டைக் காப்பாற்றுவது

புது டைல்ஸ் மேல் நேரடியாக ஹோமக் குண்டம் வைத்தால் டைல் படீரென்று வெடிக்கும். மூன்று அங்குலம் மணல் பரப்பி, அதன்மேல் இரண்டு வரிசை செங்கல் அடுக்கி, அப்புறம் குண்டம். ஃபேன் கொக்கிக்கும் ஃபால்ஸ் சீலிங்குக்கும் நேர் கீழே வேண்டாம். சமித்து ஈரமாக இருந்தால் புகை இரட்டிப்பாகும். அந்தக் கரி சுண்ணாம்புச் சுவரில் அப்பினால் துடைக்கவும் முடியாது. பசுவைக் கூட்டி வரும் வழியெல்லாம் கோணி விரியுங்கள். பாலீஷ் போட்ட கிரானைட்டில் மாட்டின் குளம்பு நிற்காது. மாடு விழுந்தால் அதற்கும் ஆபத்து, பிடித்து வருபவருக்கும் ஆபத்து.

ஆரத்தித் தண்ணீர் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்த சிவப்பு. வாசற்படியில் கொட்டினால் வெளிர்நிறக் கிரானைட்டில் கறை நின்றுவிடும். தெருவில் கொட்டச் சொல்லுங்கள். விளக்கெண்ணெயும் அப்படித்தான், அகலுக்கு அடியில் வாழை இலைத் துண்டு. எண்ணெய் இறங்கிவிட்டால் ஆப்பச் சோடாவைக் குழைத்துத் தடவி, மேலே பாலித்தீன் ஒட்டி ஒரு ராத்திரி விட்டால் பெரும்பாலும் இழுத்துக்கொள்ளும். ஆசிட் ஊற்றிக் கழுவாதீர்கள். வேலையாட்கள் சுத்தம் செய்கிறேன் என்று ஆசிட் ஊற்றும்போது டைல்ஸ் இடுக்குச் சிமெண்ட்டையும் குழாயின் நிக்கலையும் சேர்த்துத்தான் தின்கிறது.

செப்டிக் டேங்க்

காலி டேங்கில் புழங்க ஆரம்பிக்காதீர்கள். வெளியேறும் பைப் மட்டம் வரை தண்ணீர் நிரப்பினால்தான் கழிவு அறைகளுக்குள் பிரிந்து தங்கும். காற்றுப் போக்கும் பைப் உச்சியில் கொசுவலை கட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். கியூலெக்ஸ் கொசுவுக்கு அந்தப் பைப்தான் வாசல். உறிஞ்சு குழிக்கும் கேணி, போருக்கும் நடுவில் 50 அடியாவது இருக்கவேண்டும். பக்கத்து மனைக்காரரின் போரையும் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

குளியலறையில் நாற்றம் வந்தால் உடனே ஃபினாயில் ஊற்றாதீர்கள். தரையிலுள்ள ட்ராப்பில் தண்ணீர் வற்றியிருக்கும். உபயோகிக்காத பாத்ரூமில் வாரம் ஒரு வாளி ஊற்றினாலே போய்விடும். மூன்று வருடத்துக்கு ஒருமுறை வண்டி வைத்து எடுக்கவேண்டும். 14420 என்ற எண்ணில் கூப்பிடலாம். யாரையும் உள்ளே இறக்காதீர்கள். மனிதக் கழிவை மனிதரே அள்ளுவதைத் தடை செய்யும் 2013 சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம். உள்ளே தங்கும் வாயு ஒரு மூச்சில் ஆளைச் சாய்த்துவிடும், காப்பாற்ற இறங்குபவரையும் சேர்த்து.

ஈரமும் விரிசலும்

முதல் ஆறு மாதம் காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை எதிரெதிர் ஜன்னல்கள் திறந்திருக்கட்டும். மழை நாளில் மட்டும் மூடுங்கள். பூச்சு முடிந்து 28 நாளாவது ஆகாமல் பட்டி, பெயிண்ட் எதுவும் ஏற்றாதீர்கள். முடிந்தால் உள்ளே ஒரு கோட் பிரைமரோடு முதல் மழைக்காலத்தைத் தாண்டிவிட்டு, அதன்பின் பெயிண்ட் அடிப்பதுதான் எங்கள் பரிந்துரை. சொந்தக்காரர்கள் ஏதாவது சொல்வார்கள், சொல்லட்டும்.

சுவரில் வெள்ளையாக உப்பு பூப்பது நம் பக்கம் அதிகம், காரணம் உப்புத் தண்ணீரில் கட்டுவதுதான். ஈரம் வெளியேறும்போது உப்பை மேலே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போகிறது. காய்ந்த பிரஷ்ஷால் தட்டித் துடைத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் கரைந்து திரும்ப உள்ளே போகும். பட்டி வைத்து மறைத்தால் பட்டியோடு பொருக்காக உரியும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீனை எடுத்து, நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டுங்கள். மறுநாள் பாலித்தீனுக்கு உள்பக்கம் முத்து முத்தாக நீர் நின்றால் சுவருக்குள் ஈரம் இருக்கிறது. வெளிப்பக்கம் நின்றால் அறைக் காற்றின் ஈரம்தான், ஜன்னல் திறந்தால் போதும். தரையிலிருந்து மூன்றடி வரை மட்டும் ஈரம் ஏறியிருந்தால் வெளியே போய்ப் பாருங்கள். தோட்டத்துக்கென்று கொட்டிய செம்மண் பேஸ்மென்ட் மட்டத்துக்கு மேலே ஏறியிருக்கும். அரை அடி கீழே இறக்கி வெட்டினால் பல வீடுகளில் பிரச்சினை அங்கேயே முடிந்துவிடும்.

விரிசல் எல்லாம் பயப்படவேண்டியவை அல்ல. சிலந்தி வலை போலப் பூச்சின் மேல் ஓடும் மயிரிழைகள் காய்ந்ததால் வந்தவை. தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் நேராக இறங்கும் விரிசல் என்றால் அந்த இடத்தில் கோழிவலை அடிக்காமல் பூசியிருக்கிறார்கள். போர்ட்டிகோவும் வாசற்படியும் வீட்டிலிருந்து பிரிவது மண் அமர்வதால். இவற்றை மழைக்குப் பிறகு ஒரே தடவையில் சரி செய்யலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, மூன்று மில்லிமீட்டருக்கு மேல் அகன்று, பக்கத்துக் கதவும் இறுகினால் மட்டும் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அதுவரை எந்த விரிசலாக இருந்தாலும் அதன் நுனியில் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். கோட்டைத் தாண்டி நீளுகிறதா என்பதுதான் கேள்வி. 2021 நவம்பர் கடைசியிலும் டிசம்பரிலும் வேலூர், பேரணாம்பட்டுப் பக்கம் லேசான நில அதிர்வுகள் பதிவானதிலிருந்து எந்தக் கீறலைப் பார்த்தாலும் "பூகம்பம்" என்கிறார்கள். தேதி போட்டுவைத்தவருக்கு அந்தக் குழப்பம் இல்லை.

கதவு ஐப்பசியில் இறுகும். உடனே இழைப்புளி போடாதீர்கள். மரம் ஈரம் குடித்து உப்பியிருக்கிறது. தையில் தானே சுருங்கும். ஐப்பசியில் இழைத்த கதவில் மாசியில் அரை அங்குலச் சந்து தெரியும்.

மாடியும் வெயிலும்

மழைக்கு முன், வைகாசி கடைசியில் மாடியில் தண்ணீர் கட்டிப் பாருங்கள். மழைநீர்ப் பைப்புகளைக் கோணியும் பாலித்தீனும் திணித்து அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்தி 48 மணி நேரம் விடுங்கள். மட்டம் குறைந்தால் பதறவேண்டாம், கோடை வெயிலே நாளுக்கு முக்கால் சென்டிமீட்டர் குடிக்கும். கீழே போய் ஃபேன் பாக்ஸ் ஓரத்தையும் லைட் பைப் வளைவுகளையும் பாருங்கள். கசிவு முதலில் எட்டிப்பார்க்கும் இடம் அதுதான். திறந்துவிட்ட பிறகு எங்கேயாவது தண்ணீர் தேங்கி நின்றால் சாக்பீஸால் சுற்றிக் கோடு போட்டுவிடுங்கள், மேஸ்திரியிடம் காட்ட அதைவிடச் சாட்சி வேண்டாம்.

தட்டோடு பதிக்கக் காசு இல்லாவிட்டால் இந்தக் கோடைக்கு நீர்ச் சுண்ணாம்பாவது அடியுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பைத் தாளித்து, வடிகட்டி, ஃபெவிகால் வகைப் பசை கலந்து இரண்டு கோட். இரண்டு மூன்று டிகிரி குறையும். 42 டிகிரி அடிக்கும் ஊரில் அது ராத்திரித் தூக்கம். மேற்குச் சுவருக்கு வெளியே 15 அடி தள்ளிப் புங்கனோ வேம்போ வையுங்கள். முருங்கையை வீட்டை ஒட்டி வைக்காதீர்கள். கிளை லேசான காற்றுக்கே ஒடியும், கம்பளிப்பூச்சி ஜன்னல் வழியாக வரும். பாத்திரம் கழுவும் தண்ணீர் போகும் இடத்தில் வாழை. மிச்ச இடத்தில் எலவம்பாடி முள்ளுக்கத்தரி நாற்று நாலு கிடைத்தால் நடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியது நம் மாவட்டத்துக் காய்.

பாம்பு, கரையான், குரங்கு

கட்டி முடித்த இடத்தில் குவிந்து கிடக்கும் செங்கல், சென்ட்ரிங் பலகை, ஜல்லிதான் பாம்புக்கு முதல் வீடு. குடிபோகும் முன் அப்புறப்படுத்துங்கள். கையை விட்டு எடுக்காமல் கடப்பாரையால் புரட்டி எடுக்கச் சொல்லுங்கள். விறகு அடுக்கு வீட்டிலிருந்து 20 அடி தள்ளி. கதவுக்கு அடியில் விரல் நுழையும் சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். கழிவுநீர்க் குழாய் வெளியேறும் வாயில் இரும்பு வலை. எலியைக் கட்டுப்படுத்தினால் பாம்பு வருகை பாதி குறையும்.

கட்டுவிரியன் விஷயம் தனி. அது ராத்திரியில் வரும், தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், வலியோ வீக்கமோ பெரிதாக இருக்காது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குதல், பேச்சுக் குழறல் என்று ஆரம்பித்தால் அஜீரணம் என்று சோடா குடிக்கவைத்துக் காத்திருக்காதீர்கள். புது வீட்டில் குளிர்ச்சியாக இருக்கிறதென்று வெறுந்தரையில் படுக்கும் ஆசையை விட்டு, கட்டிலும் கொசுவலையும் போடுங்கள். வலையை மெத்தைக்கு அடியில் செருகுங்கள். எந்தப் பாம்பு கடித்தாலும் கீறாதீர்கள், கயிறு கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. இரண்டில் எது உங்களுக்குக் கிட்ட, ராத்திரியில் எந்த வழி என்று முன்பே முடிவு செய்துவையுங்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்துதான், எனவே பாம்பைத் துரத்தி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

செம்மண் காட்டில் கரையான் வராத வீடு இல்லை. நிலைக்கதவின் அடி, லாஃப்ட் மூலை, சுவிட்ச் பாக்ஸ் ஓரம் மூன்றையும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். மண்குழாய் தெரிந்தால் தட்டிவிட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள், கூடு மண்ணுக்குள் இருக்கிறது. சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் ஓரடிக்கு ஒரு துளை வீதம் 12 மில்லிமீட்டர் டிரில் போட்டு மருந்து ஏற்றவேண்டும். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து என்றால் ஒரு லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். கையுறை, மாஸ்க் போட்டுத் தெரிந்தவரே செய்யட்டும். கேணி, போர், சம்ப் ஓரத்தில் கூடாது.

மலை அடிவாரம் என்றால் குரங்கு வரும். மாடித் தொட்டி மூடியைக் கம்பியால் கட்டுங்கள். இல்லாவிட்டால் அது குளிக்கும் தண்ணீரில் நீங்கள் சமைப்பீர்கள்.

காகிதங்கள்

அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வரிசை முக்கியம். முதலில் ஊராட்சியில் வீட்டு வரி போட்டு கதவு எண் வாங்குங்கள். மற்ற எல்லாவற்றுக்கும் அந்த ரசீதுதான் முகவரிச் சான்று. பிறகு மின் இணைப்புப் பெயர், ஆதார், கேஸ், ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியலில் முகவரி மாற்றப் படிவம் 8. பட்டாவில் உட்பிரிவு ஆகியிருக்கிறதா என்று இ-சேவை மையத்திலேயே பார்த்துவிடலாம். போர் போட்டவர் தந்த ஆழக் குறிப்பு, மோட்டார் வாரண்டி, பைப்பும் ஒயரும் ஓடும் சுவர்களை மூடுவதற்கு முன் எடுத்த படங்கள், இவற்றை ஒரே ஃபைலில் போடுங்கள். நாளை சுவரில் ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள் பத்திரத்துக்குச் சமம்.

முதல் பெருமழை

நமக்கு ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை. ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்ட மாதிரி மழை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஓடையோ ஏரிக் கலங்கலோ உங்கள் மனைக்கு எந்தப் பக்கம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவையுங்கள். மழைக்கு முன் வீட்டைச் சுற்றி இரண்டரை அடி அகலத்துக்கு சிமெண்ட் தளம் போட்டு, வெளிப்பக்கம் சாய்த்து, அதற்கப்பால் பத்தடிக்கு அரை அடி வீதம் மண் சரிவு கொடுங்கள்.

பெருமழை பெய்யும்போதே குடையும் டார்ச்சும் எடுத்துக்கொண்டு ஒருமுறை வீட்டைச் சுற்றி வாருங்கள். தண்ணீர் எங்கே தேங்குகிறது, எங்கே மண்ணை அரிக்கிறது, சன்ஷேடு அடியில் சொட்டு சுவரைத் தொட்டு இறங்குகிறதா என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரியும். மழை விட்ட பிறகு எல்லாம் ஒரே மாதிரி ஈரமாக இருக்கும். உள்ளே வந்து பென்சில் கோடுகளைப் பாருங்கள், புதுத் தேதி எழுதுங்கள்.

தை பிறந்ததும் விரிசல் அடைப்பு, பெயிண்ட், பிறகு கப்போர்டு. ஆசாரி அளவெடுக்கும்போது மேற்கு, தெற்கு வெளிச்சுவர்களில் பலகைக்கும் சுவருக்கும் நடுவே ஓர் அங்குலம் விடச் சொல்லுங்கள்.